பத்துக் கட்டைகளும் ஒரு ஜன்னலும்

அறுபதை நெருங்கும் மனிதனுக்குச் செருப்பைக் கழற்றும் சந்தர்ப்பம் கோயில் வாசலில்தான் வாய்க்கும் என்று நம்பியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பேத்தி அந்த நம்பிக்கையைக் குலைத்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூரிலுள்ள மாயாஜாலுக்கு இழுத்துச் சென்று, ஊரார் பலர் போட்டுக் கழற்றிய பூட்ஸ் ஒன்றை என் காலில் மாட்டுவித்து, "உருட்டுங்கள் தாத்தா!" என்று கட்டளையிட்டாள்.

'பௌலிங்' என்னும் இவ்விளையாட்டில் 60 அடி நீளமுள்ள வழவழப்பான பாதை. அதன் கோடியில், ஒன்றேகால் அடி உயரத்தில், பத்துக் கட்டைகள் முக்கோணமாய் அணிவகுத்து நிற்கின்றன. பந்தின் துளைகளில் மூன்று விரல்களைச் செருகி உருட்ட வேண்டும். கனத்த பந்து 16 பவுண்டு வரை உண்டு. நான் இலேசானதையே எடுத்தேன். அது பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி, கட்டைகளுக்கு யாதொரு இடைஞ்சலும் செய்யாமல் மறைந்தது.

"எத்தினி வுழுந்துச்சு சார்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தரை துடைக்கும் அம்மாள்.

"ஒன்றுமில்லை, அம்மா" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே மாதிரிக் கேள்விகளை வெகு காலத்துக்கு முன் கேட்டிருக்கிறேன்.

சென்னையில் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975, ஆகஸ்டு 15-இல். திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவுக்கே ஒரு பெட்டி. அது எங்கள் வீட்டில். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வேளையில் கூடத்தில் எள் விழ இடமிராது. என் தாயார் பாய் விரித்துத் தண்ணீரும் வைப்பார். எதிர் வீட்டு ஒண்டுக் குடித்தனத்துப் பாட்டி மட்டும் உள்ளே வரமாட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்பி, இது சிவாஜியா?" என்று கேட்டுக்கொண்டேயிருப்பாள். செய்தி வாசிப்பவரைப் பார்த்தும் அதையே கேட்பாள்! ஒரு வெள்ளிக்கிழமை, பாட்டுக் காதில் விழவில்லையென்ற எரிச்சலில், நான் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. பிறகு தாம்பரத்திலிருந்த மகனோடு போய்விட்டாள்.

பட்டணம் வளர்ந்தது. வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. எங்கள் பாய் பரணேறியது. மவுண்ட் ரோடில், 1980-களில் தீக்கிரையான பழைய ஸ்பென்ஸர் கட்டடம் இருந்த இடத்தில் ஸ்பென்ஸர் பிளாஸா எழுந்தது. என் தாயார் அங்கே அரைநாள் குளிர்காற்று வாங்கிவிட்டு, ஒரு சீப்பும் வாங்கிக்கொண்டு பரம திருப்தியுடன் திரும்புவார். பாட்டி வந்திருந்தால் அங்கும் வாசற்படியிலேயே நின்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றும்.

"தாத்தா, உங்கள் முறை!" என்றாள் பேத்தி.

மேற்பார்வையாளர் போலத் தோன்றிய இளைஞர் ஒருவர் எங்கள் பக்கம் வருவதைக் கண்டேன். பந்தை எடுத்து உருட்டினேன். என்ன மாயமோ, அது நேரே போய் ஒன்பது கட்டைகளைச் சாய்த்தது. மூலையில் ஒன்று மட்டும் ஆடி ஆடி நின்றுவிட்டது. பேத்தி குதித்தாள். நான் சொல்வதற்காகத் திரும்பினேன். தரை துடைக்கும் கோல் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது.