அரை டன்னா, முக்கால் டன்னா?

ஹூஸ்டனில் பழைய பிக்கப் வாங்கப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், யோசனை சொல்ல ஆள் சேர்ந்துவிடும். கலர், இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் பிறகுதான். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி: அரை டன்னா, முக்கால் டன்னா?

ஷெவர்லே என்றால் சி10 அரை டன், சி20 முக்கால் டன், சி30 ஒரு டன். ஃபோர்டு 1953 முதல் இதையே எஃப்-100, எஃப்-250, எஃப்-350 என்று பிரித்து வைத்திருந்தது. அமெரிக்க டன் என்பது 907 கிலோ. அப்படியானால் அரை டன் வண்டி 450 கிலோதான் சுமக்குமா என்றால், இல்லை. அது பழைய காலத்துக் கணக்கு. ஸ்பிரிங்கையும் டயரையும் பொறுத்து நிஜச் சுமை மாறும். பெயர் மட்டும் நின்றுவிட்டது. இடையில் 1975இல் எஃப்-150 வந்தது. மொத்த எடை 6,000 பவுண்டுக்குள் இருந்த வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால், அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கும்படி செய்த வண்டி அது. சட்டத்துக்குப் பயந்து உடம்பை ஏற்றிக்கொண்டது என்று சொல்லலாம்.

ஊரில், கடப்பாக்கத்தில், என் சித்தி மகன் குட்டி யானை என்கிற டாடா ஏஸ் ஓட்டுகிறான். கோடையில் தர்பூசணி, மற்ற நாளில் மீன் பெட்டி, சவுக்குக் கட்டை. வீடியோ காலில் ஒரு சி10ஐக் காட்டியதும் அவன் கேட்டது இதுதான்: “அண்ணா, பார்க்க லாரி மாதிரி இருக்கே. எவ்ளோ லோடு தாங்கும்?” பெயர்க் கணக்குப்படி 450 கிலோ என்றேன். சிரித்துவிட்டான். 2005இல் வந்த டாடா ஏஸுக்கு 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். அதற்கு எழுதிக் கொடுத்த சுமையே முக்கால் டன். இங்கே 5,700 சிசி, எட்டு சிலிண்டர் இன்ஜினை வைத்துக்கொண்டு அரை டன் என்கிறார்கள். “அப்ப மீதி இன்ஜின் எதுக்குண்ணா?” என்று கேட்டான். நெடுஞ்சாலையில் ஓடத்தான். ஆனால் காலி வண்டியில் தனியாளாக ஓடுவதற்கு என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

அரை டன்னையும் முக்கால் டன்னையும் பிரித்துக் காட்டுவது சக்கரம். சி20க்கு எட்டு நட்டு. 1971க்குப் பிந்தைய சி10க்கு ஐந்து. உண்மையான வித்தியாசம் அதற்கும் உள்ளே இருக்கிறது. முக்கால் டன்னின் பின் ஆக்சில் பெரும்பாலும் ஃபுல் ஃப்ளோட்டிங் வகை. எடையை ஹவுசிங்கும் ஹப்பும் தாங்கிக்கொள்ளும். உள்ளே போகும் தண்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது மட்டுமே வேலை. அரை டன்னில் அதே தண்டு சுற்றவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும். குதிரை டிரெய்லரோ படகோ இழுக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு முக்கால் டன்னை எடுக்கலாம். மற்றவர்களுக்கு அதில் தொல்லைதான் அதிகம். காலியாக ஓட்டினால் பின்பக்கம் தூக்கிப் போடும்; கியர் விகிதம் தாழ்வு என்பதால் மணிக்கு அறுபது மைலைத் தாண்டினால் இன்ஜின் கத்தும்; பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். சில பழைய வண்டிகளின் ரிம் 16.5 அங்குலம். அதற்கு டயர் தேடி அலைய வேண்டும்.

கடற்கரை ஊரில் வளர்ந்தவனுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மிச்சிகன், ஒஹையோ பக்கமிருந்து வந்த வண்டி என்றால், பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அடிப்பாகத்தைத் தின்றிருக்கும். டெக்சஸ் வண்டியானாலும் வளைகுடாக் காற்று சும்மா விடாது. கையில் ஒரு சின்னக் காந்தத்தோடு போக வேண்டும். கதவுக்குக் கீழே, கேபினின் பின் மூலையில், சக்கர வளைவின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் தகடு, நழுவி விழுந்தால் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஷெவர்லே என்றால் அடுத்து கிளவ் பாக்ஸ் மூடியைத் திறக்க வேண்டும். உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். தொழிற்சாலையிலிருந்து எந்த ஸ்பிரிங், எந்த ஆக்சில், எந்த இன்ஜினோடு வந்தது என்பதெல்லாம் குறியீடாக அதில் இருக்கும். விற்பவர் சொல்வதையும் காகிதம் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே விலை பேசலாம்.

விலையில்தான் வேடிக்கை. இளைத்தவன் விலை கூடுதல். அழகுக்கு வாங்குகிறவர்கள் அரை டன்னைத்தான் கேட்கிறார்கள், அதிலும் ஆறரை அடி பாடி. வண்டியைத் தரையோடு தாழ்த்தி, ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று வருவார்கள். வாழ்நாளெல்லாம் பண்ணையில் உழைத்த முக்கால் டன் மலிவாகக் கிடைக்கிறது. அரை டன்னிலேயே எட்டடி பாடி உள்ளதையும் அவர்கள் சீந்துவதில்லை.

அந்த எட்டடி அரை டன்தான் எனக்கு வாய்த்தது. காரணம், எங்கள் ஆட்கள் தூக்கித் திரியும் சாமான். விசாவோடு வந்து இறங்குகிறவர்கள் குத்தகை முடிந்தால் ஒரு அபார்ட்மென்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார்கள். பியர்லாண்ட் மீனாட்சி கோயிலில் ஒருவரைப் பார்த்துப் பேசினால் போதும், மறுவாரம் அவர் வீட்டு மெத்தை என் வண்டியில் இருக்கும். அந்த மெத்தை நீளம் 6 அடி 8 அங்குலம். ஆறரை அடி பாடியில் அடங்காது. எட்டடியில் சாவகாசமாகப் படுக்கும். சோபா, மேசை, குழந்தைக் கட்டில் எல்லாம் இடத்தை அடைக்குமே தவிர எடை இல்லை. ஊரில் நிலைமை நேர்மாறு. தர்பூசணி கொஞ்சம் இடத்திலேயே வண்டியை அழுத்திவிடும். அதனால் அங்கே ஸ்பிரிங் பட்டை கூட்டிப் போட்டு ஓட்டுகிறார்கள். சித்தி மகன் வண்டிக்கு எடைதான் கணக்கு, என் வண்டிக்கு இடம். இது புரிந்த பிறகு முக்கால் டன் ஆசை தானாக விட்டுப்போனது.

அரசாங்கத்தால் பெரிய தொந்தரவு இல்லை. 25 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு ஹூஸ்டன் வட்டாரத்தில் புகைச் சோதனை கிடையாது. பழம்பொருள் நம்பர் பிளேட்டும் வாங்கலாம். ஆனால் அது கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கிளப் கூட்டத்துக்கும்தான். அதை மாட்டிக்கொண்டு மெத்தை ஏற்ற முடியாது. எனவே சாதாரண பிளேட்.

சனிக்கிழமை காலையில் யாராவது கூப்பிட்டு, “அண்ணா, வீடு மாத்துறோம்” என்றால் நான் கேட்பது இரண்டே கேள்வி. புத்தகம் எத்தனை பெட்டி? கிரைண்டர் கல்லா, டேபிள் டாப்பா? பதில் சரியில்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தம்பி, ரெண்டு நடை.