படம் இல்லாத கடிதம்

சார்செல் (பிரான்ஸ்), அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாத்திரையெல்லாம் வேளைக்குப் போட்டுக்கொள்கிறேன், மகள் விடுவதில்லை. தினமும் வாட்சப்பில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இதென்ன புதிதாகக் கடுதாசி என்று நினைப்பீர்கள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "படம் பிடித்து அனுப்பு, பார்க்கலாம்" என்பீர்கள். அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே காலை எட்டு மணிக்கும் இருட்டு. பாரிஸ் லா ஷாப்பெல் கடைகளில் முருங்கைக்காய்கூடக் கிடைக்கிறது, ஆனால் குழம்பில் போட்டால் வாசனையே எழும்பவில்லை. புதுச்சேரியில் நம்ம சாரத்தில் நீங்கள் சுவரைத் தாண்டி நீட்டுகிற கிண்ணத்துக்கு ஏங்கிப்போயிருக்கிறேன். பேத்திக்கு என் தமிழ் புரிகிறது, பதில் மட்டும் பிரெஞ்சில்தான் வருகிறது. இது எனக்குப் பெரிய குறை. மகளிடம் சொன்னால் "விடும்மா" என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பழைய சாமான் சந்தைக்குக் கூட்டிப்போனார். நம்ம காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரிதான், சத்தம் மட்டும் கம்மி. ஒரு பெரியவர் செருப்புப் பெட்டிகளில் பழைய தபால் அட்டைகளை ஊர்வாரியாக அடுக்கி வைத்திருந்தார். இந்தியா என்று எழுதிய பெட்டியில் புதுச்சேரியைத் தேடினேன். பழைய கப்பல் பாலம் கிடைத்தது, துய்ப்ளே சிலை கிடைத்தது. அதற்கும் பின்னால் ஓர் அட்டை.

கீற்றுக் குடிசை வாசலில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பின்கொசுவம் வைத்த புடவை. என் ஆயா கட்டுவாளே, அதே கட்டு. ஒருத்தி மடியில் குழந்தை. நம்ம பக்கத்துக் கிராமம் ஏதோ ஒன்று என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டேன். பிறகுதான் பின்னால் இருந்த கம்பி வேலியைப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தொப்பி போட்ட துரைகள், குடை பிடித்த சீமாட்டிகள், தோள்மேல் தூக்கி வைத்த பிள்ளைகள். கீழே அச்சடித்திருந்ததை மாப்பிள்ளை படித்தார்: மலபார்கள், ழார்தேன் தக்லிமத்தாசியோன், பாரிஸ். தபால் முத்திரையில் 1902.

மலபார் என்றதும் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் தமிழரை அப்படித்தான் சொல்வார்கள், தமிழுக்கும் அதே பெயர். ரெயூனியோன் தீவில் இன்றைக்கும் நம்மவர்களுக்கு மல்பார் என்றுதான் பெயராம். அக்கா, அந்த வேலிக்குள் உட்கார்ந்திருந்தது நம் சனம்.

பன்னிரண்டு யூரோ கொடுத்து வாங்கிவந்துவிட்டேன். அந்தப் பெட்டியில் கிடக்கட்டும் என்று விட்டுவர முடியவில்லை.

அன்று இரவு தூக்கமில்லை. மாப்பிள்ளை தேடித் தேடிப் படித்துச் சொன்னார். வெளிநாட்டுச் செடிகளையும் மிருகங்களையும் இந்தச் சீமைக்குப் பழக்குவதற்காக 1860இல் மூன்றாம் நெப்போலியன் திறந்துவைத்த தோட்டம்தான் அந்த ழார்தேன் தக்லிமத்தாசியோன். 1870இல் பாரிஸ் முற்றுகையில் சிக்கிப் பட்டினி கிடந்தபோது அங்கே இருந்த இரண்டு யானைகளையும் அறுத்துத் தின்றுவிட்டார்கள். பிறகு கூட்டம் குறைந்தது, காசு குறைந்தது. 1877இல் அதன் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஹாம்பர்க்கில் ஹாகென்பெக் என்ற மிருக வியாபாரி, கலைமான்களோடு வட ஐரோப்பாவின் சாமி இன மக்களையும் கொண்டுவந்து காட்டிச் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தார். தோட்டத்துக்காரர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து நூபியர்களை வரவழைத்து மிருகங்களோடு நிறுத்தினார்கள். கூட்டம் அலைமோதியது. அதிலிருந்து 1912 வரை முப்பது தடவைக்குக் குறையாமல் இப்படி மனிதர்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1883இல் சிங்களவர்கள், 1892இல் பிரெஞ்சு கயானாவின் கலீனா மக்கள். மானிடவியல் சங்கத்துக்காரர்கள் வந்து மண்டையையும் மூக்கையும் அளந்து குறித்துக்கொள்வார்களாம். டிக்கெட் விற்றதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. படித்தவன் அளவுகோலோடு வந்தான் என்பதுதான் வலிக்கிறது.

அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவரின் பெயர் மட்டும் என் மனதில் தங்கிவிட்டது. ஆபிரகாம். கனடாவின் லாப்ரடோர் கரையைச் சேர்ந்த இனுயிட் ஆள். கிறிஸ்தவர், எழுதப்படிக்கத் தெரிந்தவர், பிடில் வாசிப்பார். கடனை அடைக்கலாம், ஐரோப்பாவையும் பார்க்கலாம் என்று 1880இல் பெண்டாட்டி, இரண்டு பெண்பிள்ளைகளோடு கப்பல் ஏறினார். கூட வந்தவர்களோடு மொத்தம் எட்டுப் பேர். பார்க்க வருகிறவர்களைப் பற்றித் தன் மொழியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். பார்க்கப்பட்டவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அக்கா. ஆனால் அழைத்துவந்தவர்கள் அம்மைப்பால் குத்த மறந்துவிட்டார்கள். வழியிலேயே மூன்று பேர் போனார்கள், அதில் அவருடைய மூத்த பெண்ணும் உண்டு. மிச்சம் ஐந்து பேரும் இந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வாரத்தில் அம்மை கண்டு, 1881 சனவரியில் பாரிஸ் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்துச் செத்தார்கள். அவர்களின் எலும்புகளை இந்த ஊர் அருங்காட்சியகத்தில் வைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை, பள்ளி விடுமுறை என்று பேத்தியோடு அதே தோட்டத்துக்குப் போனேன். நானாகக் கேட்டுத்தான் போனேன். ஷாத்லேயில் மாறி லே சாப்லோனில் இறங்கினால் கொஞ்ச தூரம் நடை. இன்றைக்கு அது பிள்ளைகளின் பூங்கா. குடை ராட்டினம், ஊஞ்சல், ஆடு கோழி வளர்க்கிற சின்னப் பண்ணை. 1878இலிருந்து ஓடுகிற குட்டி ரயிலும் இருக்கிறது. பக்கத்தில் கண்ணாடிப் பாய்மரங்களை விரித்துவைத்தது போல ஒரு பெரிய கலைக்கூடம். பேத்தி ரயிலில் ஏறி எனக்குக் கையசைத்தாள். நான் புல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று பேரும் எங்கே அடுப்பு மூட்டியிருப்பார்கள்? இந்தக் குளிரில் அந்தப் பருத்திப் புடவை எந்த மூலைக்கு? பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூடத் திரும்பி உட்கார இடம் இருந்திருக்காதே. பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி, குளிர் தாங்கவில்லை போல என்று நினைத்துத் தன் பிளாஸ்கிலிருந்து சூடாகக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். நல்ல மனசு. அவள் பாட்டி அந்த வேலிக்கு வெளியே நின்றிருப்பாளோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. உடனே, வேலிக்கு வெளியே நானே நின்ற நாள் ஞாபகம் வந்தது.

அந்தமான், அக்கா. நம்ம தெருக்காரர்களோடு போய் அங்கே வேன் பிடித்தோமே, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியுமுன்னே வரிசையில் நின்றோமே. போலீஸ்காரர் ஒலிபெருக்கியில் நம்ம தமிழிலேயே சொன்னார்: வண்டியை நிறுத்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள், எதையும் கொடுக்காதீர்கள், ஜாரவா மக்களைப் படம் எடுத்தால் தண்டனை உண்டு. எல்லோரும் தலையாட்டினோம். பாராதாங் சுண்ணாம்புக் குகைக்குத்தான் போகிறோம் என்று பேர். ஆனால் வண்டியில் யாராவது குகையைப் பற்றிப் பேசினோமா? டிரைவர் "இடது பக்கம் பாருங்க" என்று குரலைத் தாழ்த்தினார். வளைவில் ஒரு தாய் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். எனக்கு மறைக்கிறது என்று நான் சீட்டைவிட்டு எழுந்து நின்றேன். பின்சீட்டிலிருந்து யாரோ பிஸ்கட் பாக்கெட் வீசினார்கள். உங்கள் சின்னவன் போனைத் துண்டுக்குள் மறைத்துப் படம் எடுத்தான். அவள் நம்மை எப்படிப் பார்த்தாள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, உடம்பைத்தான் பார்த்தேன். இதைக் கடிதத்தில் எழுதக்கூடக் கை கூசுகிறது.

அந்தக் காட்டுப் பழங்குடிகளான ஜாரவா மக்கள் சில நூறு பேர்தான். அவர்கள் காட்டை அறுத்துக்கொண்டு போகிற அந்தச் சாலையை மூடும்படி 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2012 சனவரியில், சாப்பாட்டைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச்சொன்ன வீடியோ வெளிவந்து உலகமே காறித்துப்பியது. அடுத்த வருடம் நீதிமன்றம் சுற்றுலாக்காரர்களை நிறுத்தியது, சில வாரத்தில் திரும்பவும் விட்டுவிட்டது. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் நாம் போனோம். பாரிஸ்காரர்கள் டிக்கெட் போட்டு வேலி கட்டினார்கள். நாம் வேன் ஜன்னலை வேலியாக்கிக்கொண்டோம். அவர்கள் மனிதர்களைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள், நாம் அவர்கள் வீட்டு வாசலுக்கே போய் வேடிக்கை பார்த்தோம்.

கோலம் போடக் குனிகிற நேரத்தில் வெள்ளைக்காரர்கள் காமிராவை நீட்டுகிறார்கள் என்று நீங்கள் எத்தனை தடவை கோபப்பட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம். ஆனால் நம்மால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போக முடியும். அந்தத் தாய்க்குக் காடுதான் வீடு, அதன் நடுவேதான் நம் வண்டி போகிறது.

அட்டையைப் பற்றி இன்னொன்று. அந்தக் காலத்தில் அட்டையின் பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தானாம். சேதி எழுத வேண்டுமானால் படத்தின் ஓரத்தில்தான் இடம். ஒரு பெண் தன் சிநேகிதிக்கு எழுதியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இவர்களைப் பார்த்துவிட்டு வந்தோம், மழை பெய்யவில்லை, பிள்ளைகளுக்கு ரொம்பச் சந்தோஷம், அம்மாவுக்கு முத்தங்கள், இவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. மை ஊறி ஊறி, கடைசி வரி மடியில் இருக்கிற குழந்தையின் காலில் போய் முடிகிறது. அந்தப் பெண்களின் பெயர் அட்டையில் எங்கும் இல்லை.

இதைப் போனில் அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் உங்கள் மகளுக்கு அனுப்புவீர்கள், அவள் குடும்பக் குரூப்பில் போடுவாள், நாளைக்கே காமராஜர் சாலை முழுக்கப் பார்த்துவிடும். பாவம் என்று சொல்லிக்கொண்டே பார்ப்பார்கள். அந்த மூன்று பேரையும் மறுபடி ஒரு கூட்டத்தின் நடுவில் உட்காரவைக்க என்னால் ஆகாது. தை மாதம் வரும்போது கொண்டுவருகிறேன். உங்கள் வீட்டுத் திண்ணையில் நாம் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பார்ப்போம்.

சின்னவனிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், அந்த அந்தமான் படம் இன்னும் போனில் இருந்தால் அழித்துவிடட்டும். கோபமாகச் சொல்லாதீர்கள், எழுந்து நின்று பார்த்தவள் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மாடியில் கறிவேப்பிலைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள், அக்கா. மோட்டார் சுவிட்ச் மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி