கக்கின பிள்ளை

‘கக்கின பிள்ளை தக்கும்’ என்பது பழமொழி. அதன் கனம் முழுவதும் ‘தக்கும்’ என்ற வினையில் இருக்கிறது. ‘தக்கவைத்துக்கொள்’ என்று இன்றும் புழங்கும் சொல்லின் வேர் அது. நிலைக்கும், கைவிட்டுப் போகாது என்று பொருள். பெற்றதில் எத்தனை தங்கும் என்று தாய்மார் எண்ணிக்கொண்டிருந்த காலத்துச் சொல். தோளில் வழிந்த பாலைப் பார்த்துக் கலங்கிய இளம்தாய்க்கு வீட்டுப் பெரியவள் மூன்றே சொற்களில் தைரியம் சொல்லியிருக்கிறாள். அதற்குக் குழந்தையின் வயிற்றமைப்பே சாட்சி.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம்போல ஒரு தசை உண்டு. விழுங்கும்போது நெகிழ்ந்து பிறகு இறுகிக்கொள்வது அதன் வேலை. பச்சைக் குழந்தைக்கு அது அடிக்கடி தானாகவே நெகிழும். குழாயும் குட்டை, இரைப்பையும் சிறிது, உணவோ முழுக்கத் திரவம், பிள்ளை நாளெல்லாம் படுத்தே கிடக்கிறது. குடித்தது மேலே வராமல் இருந்தால்தான் வியப்பு. நான்காம் மாதத்தை ஒட்டிக் கக்கல் உச்சத்துக்குப் போகும். உட்கார்ந்து, நிற்கத் தொடங்கியதும் குறைந்து, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும்.

“பாலாவே வந்துச்சு”, “தயிரா வந்துச்சு” என்று தாய்மார் பிரித்துச் சொல்வார்கள். தயிர் என்றதும் செரிக்கவில்லையோ என்ற பயம் வந்துவிடுகிறது. பயப்படத் தேவையில்லை. இரைப்பையின் அமிலமும் நொதிகளும் பாலின் புரதத்தைத் திரியவைப்பது செரிமானத்தின் தொடக்கம். குடித்த உடனே கக்கினால் பால். சற்றுப் பொறுத்துக் கக்கினால் தயிர். புளித்த வாடையோடு தாயின் தோளில் ஒட்டிக் காய்ந்திருக்கும் அந்த வெள்ளைத் திப்பி, வயிறு ஒழுங்காக வேலை செய்ததன் தடயம்.

பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடவைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். சண்டிகரில் 71 தாய்-சேய் இணைகளை வைத்து நடத்தி 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த வழக்கத்தைச் சோதித்தது. ஏப்பம் விடவைத்த பிள்ளைகளிடம் விடாத அழுகை குறையவில்லை, கக்குவதுதான் கூடியிருந்தது. சற்று நேரம் நிமிர்த்தித் தோளில் வைத்திருப்பது இதமானது. ஆனால் ஏப்பம் வரவில்லையே என்று நள்ளிரவில் தூங்கிப்போன பிள்ளையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கக்குகிற பிள்ளையையும் மல்லாத்திப் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

வயிற்று உப்புசத்துக்கு வசம்பைச் சுட்டு உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார்கள். பெயரைச் சொல்லக்கூடத் தயங்கி ‘பேர் சொல்லா மருந்து’ என்றே அதை அழைத்தார்கள். தொப்புளோடு நின்றால் சரி, நாக்குக்குப் போகக் கூடாது. வசம்பிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. ஆறு மாதம்வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

பழமொழி பேசுவது கக்கலைப் பற்றி மட்டும். கக்கல் வழியும், வாந்தி பீறிடும். கக்கினாலும் பிள்ளை முதல் சில மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை கூடி, ஆறு துணியாவது நனைத்தால் கவலை இல்லை. மூன்று முதல் ஆறு வாரத்துக்குள், குடித்த ஒவ்வொரு முறையும் பால் எட்டத் தெறிக்கும்படி வாந்தியெடுத்து, உடனே மறுபடி பசித்து அழும் பிள்ளை வேறு வகை. இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்து வழியை அடைத்திருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கே இது அதிகம். இத்தகைய பிள்ளைகள் ஒரு காலத்தில் தக்கவில்லை. அந்தத் தசையைக் கீறிவிட்டு வழி திறக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் கோன்ராட் ராம்ஸ்டெட் 1912-இல் வெளியிட்டார். இன்றும் அந்த அறுவைதான் அவர்களைப் பிழைக்கவைக்கிறது.

வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது பழமொழியும் வேண்டாம், கைமருந்தும் வேண்டாம். விடியட்டும் என்று காத்திராமல் அந்த நிமிடமே பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.