பின்னாடி வண்டி வருதா?

மொதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன் மக்களே. எனக்கு சைக்கிள் ஓட்ட வந்ததே 27 வயசுலதான். பொட்டி தட்டற வேலைக்காக மியூனிக் வந்து, இங்க அஞ்சு வயசுக் குழந்தைங்க எல்லாம் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு சர்ருனு என்னைத் தாண்டிப் போறதைப் பாத்து வெக்கப்பட்டு, கூட வேலை பாக்கற ஆஸ்திரியாக்காரன் ஒருத்தனைக் கெஞ்சிக் கூத்தாடி, இஸார் ஆத்தங்கரையில கத்துக்கிட்டேன். எத்தனை தடவை விழுந்தேன்னு மட்டும் கேக்காதீங்க :-)

சின்ன வயசுல ஏன் கத்துக்கலன்னா, அதுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

ஊர் திண்டிவனம். அப்பாகிட்ட ஒரு பழைய ஹெர்குலஸ் சைக்கிள். ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமா தினமும் ஆறு கிலோமீட்டர் மிதிச்சு வேலைக்குப் போவார். போற வழியில என் ஸ்கூல், அதனால கேரியர்ல நான். ரோட்டு ஓரம்னா தார்ல இல்லை. தார் முடிஞ்சப்புறம் சரளையும் மண்ணுமா ரெண்டு முழம் இருக்குமே, அதுல. சில இடத்துல அதுவும் இருக்காது, தார் மேல ஏறித்தான் ஆகணும். அப்போ அப்பா கேப்பார்: "பின்னாடி வண்டி வருதா பாருடா." திரும்பிப் பாத்துச் சொல்றது என் வேலை. "பஸ்சுப்பா", "லாரிப்பா", "ஒண்ணும் இல்லப்பா, ஏறுங்க."

2008-ல நான் ஆறாங்கிளாஸ். அன்னைக்குப் பரீட்சை. மடியில புக்கைத் திறந்து வெச்சுப் படிச்சுக்கிட்டே போனேன். அப்பா கேட்டார். நான் நிமிராமலே "ஒண்ணும் இல்லப்பா"ன்னுட்டேன்.

ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கிட்டு வந்து எங்களை உரசிட்டுப் போயிடுச்சு. எனக்கு முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். அப்பாவுக்கு இடது முட்டி உடைஞ்சு பிளேட் வெச்சாங்க. ஹெர்குலஸை அம்மா பழைய இரும்புக் கடையில போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்ல சைக்கிள் கிடையாது. நான் திரும்பிப் பாக்கவே இல்லைங்கறதை யார்கிட்டயும் சொன்னதும் கிடையாது.

கொசுவத்தி முடிஞ்சது. இப்போ ஆல்ப்ஸ்.

போன செப்டம்பர்ல அந்த ஆஸ்திரியாக்காரன், "ஆணி புடுங்கினது போதும், வா"ன்னு கார் பின்னாடி ரெண்டு சைக்கிளை மாட்டிக்கிட்டு, பிரென்னர் கணவாய் தாண்டி இத்தாலிக்குள்ள கூட்டிட்டுப் போனான். டோப்பியாக்கோன்னு ஒரு ஊர். ஜெர்மன்ல டோப்லாக். போர்டுல எல்லாம் ரெண்டு பேரும் இருக்கும், ஏன்னா முதல் உலகப் போர் முடியறவரைக்கும் இந்தப் பக்கம் ஆஸ்திரியாவா இருந்தது. அங்கேர்ந்து தெற்கே டோலமைட் மலைகளுக்கு நடுவுல ஒரு பள்ளத்தாக்கு வழியா கோர்ட்டினா வரைக்கும் சுமார் 30 கிலோமீட்டர். இதுல கார் கிடையாது, பைக் கிடையாது. சைக்கிளும் நடக்கறவங்களும் மட்டும்தான்.

வண்டி கிராவல் பைக். கிராவல்னா நம்ம ஊர்ல லாரியில கொண்டாந்து கொட்டற செம்மண்தான் எனக்கு ஞாபகம் வரும். இது, பாக்க ரேஸ் சைக்கிள் மாதிரி ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பாரோட இருக்கும், ஆனா டயர் 40 மில்லிமீட்டர் சுமாருக்குத் தடியா இருக்கும். காத்தைக் கொஞ்சம் கம்மியா வெச்சா, டயர் சின்னச் சின்னக் கல்லையெல்லாம் அமுங்கி வாங்கிக்கும், ஆட்டம் கைக்கு வராது. இது தெரியாம நான் கிளம்பறதுக்கு முன்னாடி பம்பை எடுத்து நல்லா கல்லு மாதிரி அடிச்சு வெச்சுட்டேன். மூணாவது கிலோமீட்டர்ல ரெண்டு கையும் மரத்துப் போச்சு. நண்பன் இறங்கி வந்து, ஒண்ணும் சொல்லாம ரெண்டு டயர்லயும் காத்தைப் புஸ்ஸுனு இறக்கிவிட்டான். அதுக்கப்புறம் மெத்தையில போற மாதிரிதான் இருந்தது.

பாதை ஏன் இவ்வளவு சுகமா இருக்குன்னா, இது பழைய ரயில் பாதை. முதல் உலகப் போர் சமயத்துல ராணுவத்துக்காகப் போட ஆரம்பிச்சு, 1921-ல கலால்சோவுல இருந்து கோர்ட்டினா வழியா டோப்பியாக்கோ வரைக்கும் குறுகிய ரயில் பாதையா ஓட ஆரம்பிச்சது. 1956-ல கோர்ட்டினால குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தப்போ கூட்டத்தை ஏத்திட்டுப் போனதும் இந்த ரயில்தான். 1964-ல மொத்தமா மூடிட்டாங்க. தண்டவாளம் போச்சு, பாதை மிச்சம். ரயிலால செங்குத்தா ஏற முடியாதே, அதனால சுமார் 1,250 மீட்டர்ல இருந்து 1,530 மீட்டர்ல இருக்கற சீமாபாங்கே கணவாய் வரைக்கும் ஏர்றதே தெரியாம ஏறிடலாம். என்னை மாதிரி ஒரு வருஷத்து சைக்கிள்காரனுக்குன்னே போட்டு வெச்ச மாதிரி.

வழியில டோப்பியாக்கோ ஏரி. அதைத் தாண்டினா முதல் உலகப் போர்ல செத்த ஆஸ்திரிய-ஹங்கேரி சிப்பாய்ங்களோட கல்லறை, காட்டுக்குள்ள வரிசையா சிலுவைங்க. 1915-ல இருந்து 1917 வரைக்கும் ரெண்டு படையும் இந்த மலைங்க மேலதான் உக்காந்து சுட்டுக்கிட்டு இருந்தது. அதையும் தாண்டி, லாண்ட்ரோ கிட்ட இடது பக்கம் மலை திடீர்னு விலகி, தூரத்துல மூணு பாறைக் கோபுரம் தெரியும். 'ட்ரே சீமே', மூணு சிகரம்னு அர்த்தம். நடுவுல இருக்கற பெரியண்ணன் உயரம் 2,999 மீட்டர். ஆண்டவன் எழுதின கோட்லயும் ஆஃப் பை ஒன் எரர் இருக்குங்கறதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் :-)

ஆனா நான் சொல்ல வந்தது இந்த மலையைப் பத்தி இல்லை.

அங்க நிக்கும்போது நண்பன் கேட்டான்: "நீ ஏன் நிமிஷத்துக்கு நாலு தடவை பின்னாடி திரும்பிப் பாக்கற? நான் என்ன ஓடியா போயிடுவேன்?" எனக்கு அதுவரைக்கும் அப்படிப் பாக்கறேன்னே தெரியாது. கார் வராதுன்னு மூளைக்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியல. என்ன, அங்க முழு நிசப்தமும் இல்லை. நெடுஞ்சாலையும் அதே பள்ளத்தாக்குலதான் போகுது, அப்பப்போ மோட்டார் பைக் உறுமும். ஒவ்வொரு உறுமலுக்கும் என் தோள்பட்டை காது வரைக்கும் ஏறி இறங்கும்.

சீமாபாங்கே தாண்டினா இறக்கம். பழைய ரயில் குகைங்க வருது, அப்புறம் ஃபெலிசோன் ஓடை ரொம்பக் கீழ ஓட, அதுக்கு மேல ஒரு பழைய ரயில் பாலம். அந்தப் பாலத்துல நிறுத்தினப்போதான் உறைச்சது: கடைசி மூணு நாலு கிலோமீட்டரா நான் பின்னாடி திரும்பிப் பாக்கவே இல்லை. பதினேழு வருஷம் கழிச்சு, மறுபடியும். இந்தத் தடவை ஒண்ணும் ஆகலை.

கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னு சொன்னா நம்புவீங்களா தெரியல. குளிர்காத்துன்னு நண்பன்கிட்ட சமாளிச்சேன்.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். போனைத் திருப்பிப் பாதையைக் காட்டினேன்.

"என்னடா ரோடு காலியா கிடக்கு? அங்க இன்னைக்கு பந்த்தா?"

"இல்லப்பா. இதுல சைக்கிள் மட்டும்தான். வண்டியே வராது."

"வண்டி வராத ரோடா..." கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். "சரளையாத்தானடா இருக்கு?"

"ஆமாம்பா. இங்க இதுல ஓட்டறதுக்குன்னே தனியா சைக்கிள் விக்கறாங்க."

"நான் முப்பது வருஷமா சரளையிலதான ஓட்டினேன். அதுக்குத் தனியா காசு வேறயா?"

சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே வாய் தவறி வந்துடுச்சு. "அப்பா, அன்னைக்கு நான் திரும்பிப் பாக்கலப்பா. பாக்காமலே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போயிடுச்சுன்னு நினைச்சேன்.

"தெரியும்டா. மடியில புக்கு இருந்துச்சே."

"..."

"நீ பாத்திருந்தா மட்டும்? ரெண்டு பஸ்சும் சேர்ந்து வந்தான். எறங்கறதுக்கு எடம் எங்க இருந்துச்சு? ஓரமெல்லாம் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தான். பதினொரு வயசுப் பையன் திரும்பிப் பாத்தாத்தான் உசுரோட போக முடியும்னா, அது ரோட்டு மேல தப்பாடா, பையன் மேல தப்பா?"

நான் பதில் சொல்லல. அப்பாவே பேச்சை மாத்தினார். "அந்த சைக்கிள்ல கேரியர் இருக்கா?"

"இல்லப்பா."

"அப்ப நான் எங்கடா உக்கார்றது?"

அதுக்கப்புறம் கோர்ட்டினா வரைக்கும் எப்படிப் போனேன்னே ஞாபகம் இல்லை.

அந்தப் பாதையில எழுபது தாண்டின தாத்தா பாட்டிங்க பேட்டரி சைக்கிள்ல ஹாயா போய்க்கிட்டு இருந்தாங்க. பாதி பாரத்தை மோட்டார் தூக்கிக்கும், முட்டிக்கு வலிக்காது. அடுத்த கோடைக்கு அப்பா அம்மாவுக்கு விசா எடுக்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட சைக்கிள் பேச்சை எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. யாருக்காவது ஐடியா இருந்தா சொல்லுங்கப்பு.

பி.கு: யாராவது போறதா இருந்தா, குகைக்கு ஒரு லைட் எடுத்துட்டுப் போங்க. காத்தைக் கம்மியாவே அடிங்க.