பின்சக்கரத்தின் பிடி

எந்த நிலத்திலும் ஓடுவதற்கென்றே நான்கு பருத்த சக்கரங்களுடன் ஒரு வண்டி உண்டு, ஏடிவி என்பார்கள். தியாகதுருகம் பக்கத்தில் அந்த வேலையை மொபெட்டும் நூறு சிசி பைக்குமே பார்த்துக்கொள்கின்றன. கரும்புத் தோட்டத்து வரப்பு, ஏரிக்கரைச் சேறு, கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையின் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் அவற்றுக்கு ஒன்றுதான். மலையிலிருந்து இறங்கும்போது பின்னால் ஒரு மூட்டை மரவள்ளியோ கடுக்காயோ இருக்கும். பின்பிரேக்கின் யோக்கியதை அப்போதுதான் தெரியவரும்.

‘பிடிக்கவில்லை’ என்று சொன்னவுடன் பட்டறைகளில் கை தானாகப் போவது பிரேக் ராடின் நுனியிலிருக்கும் நட்டுக்கு. நான்கு சுற்று இறுக்கினால் மிதித்தவுடன் பிடிக்கும். வந்தவர் திருப்தியோடு போய்விடுவார். என் வண்டிக்கும் இருமுறை இந்த வைத்தியம் நடந்தது. மூன்றாம் முறை நான் போய் நின்ற இடத்தில் இருந்த வயதான மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. “இறுக்குனா பிடிக்கும் தம்பி. உள்ள மிச்சம் என்ன இருக்குன்னு கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

அந்த வாக்கியத்தில் முழு விஷயமும் இருக்கிறது. டிரம்முக்குள் பிறைவடிவில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் நடுவிலுள்ள கேம் திரும்பி அவற்றை விரிக்கிறது. லைனிங் தேயத் தேயக் கேம் அதிகம் திரும்ப வேண்டியிருக்கிறது. நட்டை இறுக்குவது அந்தத் தூரத்தை மட்டுமே ஈடுகட்டும். தேய்ந்த லைனிங்கைத் திருப்பித் தராது. பெடலை முழுக்க மிதிக்கும்போது கேமோடு திரும்பும் அம்புக்குறி, பிரேக் தட்டில் உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூவை மாற்றியே ஆகவேண்டும்.

கழற்றியபோது லைனிங்கில் கனம் மிச்சமிருந்தது. ஆனால் கண்ணாடிபோல் பளபளத்தது. ஒரு ஓரத்தில் கிரீஸ் ஊறிக் கறுத்திருந்தது. வெறும் பளபளப்பு என்றால் உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம். எண்ணெய் குடித்த ஷூவைக் காப்பாற்ற வழியில்லை. புதிய ஷூ, புதிய சீல். துருவேறி இறுகியிருந்த கேமுக்கு மட்டும் மெல்லிய கிரீஸ். தூசியை அவர் வாயால் ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் இருப்பதுண்டு. கடைசியில்தான் நட்டுக்கு வந்தார். பெடலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெற்றசைவு விட்டார். அதுவும் இல்லையென்றால் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே ஓடிச் சூடாகும்.

புது ஷூ போட்டபிறகும் ஓர் உண்மை மாறுவதில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. சரிவில் இன்னும் அதிகமாக. எனவே பின்பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தனியாக வண்டியை நிறுத்திவிடாது. முன்பிரேக் என்றாலே தூக்கி எறிந்துவிடும் என்ற பயம் நம்மிடையே பலருக்கு. பற்றாததற்குப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. முழுப் பாரமும் ஒரு டிரம்மின்மேல் விழுகிறது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது; லைனிங்கும் பிடியை இழக்கிறது. மேலே பிடித்த பிரேக் அடிவாரம் வருவதற்குள் பிடிக்காமல் போவது இதனால்தான். குறைந்த கியரில், எஞ்சின் ஓட, இரண்டு பிரேக்கையும் சேர்த்து இறங்கினால் இது நேராது. கியர் இல்லாத மொபெட்டுக்கு எஞ்சினின் உதவி குறைவு. இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் இரு சக்கரங்களுக்கும் சேர்ந்த பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ இருக்கவேண்டும் என்ற விதி 2019 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டிகள் எங்கள் ஊரில் இன்னும் நிறைய ஓடுகின்றன.

பிரேக் ஒரே நாளில் போவதில்லை. தினமும் ஒரு நூலளவு குறைகிறது. காலும் தினமும் ஒரு நூலளவு அதிகமாக மிதிக்கப் பழகிக்கொள்கிறது. அதனால் ஓட்டுகிறவருக்கு அது தெரிவதே இல்லை. மூட்டை ஏற்றுவதற்குமுன் ஒருமுறை குனிந்து அந்த அம்புக்குறியைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.