சென்னை பஸ் ஏறுவதற்கு முன்னால்

"தாத்தா, சீரியல் கம்பெனியில யாரையாவது தெரியுமா?" கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டுப் படியேறும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் இதைத்தான் கேட்கிறார்கள். பள்ளி ஆண்டு விழா நாடகங்களுக்குக் காலமெல்லாம் ஒத்திகை பார்த்தவன் என்பதால் எனக்கு எல்லாரையும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஆளைத் தேடாதே கண்ணு. முதலில் பேச்சைப் பழகு, கையில் ஒரு வருமானத்தை வைத்துக்கொள். சென்னை நாலு மணி நேரப் பயணம்தான், எங்கும் ஓடிவிடாது.

சீரியல் என்பது முகம் காட்டுகிற வேலை என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். அது வாயாலும் காதாலும் செய்கிற வேலை. சினிமாவைப் போல ஒரு காட்சிக்கு ஒரு நாள் என்று அங்கே நேரம் கிடையாது. வசனப் பேப்பர் பல நாள் தளத்துக்குப் போன பிறகுதான் கைக்கு வரும். உதவி இயக்குநர் ஓரமாக நின்று வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார். அதை பிராம்ப்டிங் என்பார்கள். அவர் சொன்னது காதில் விழுந்த மறுகணம் உன் வாயிலிருந்து கோபமாகவோ அழுகையாகவோ வர வேண்டும், கண் மட்டும் அவர் நிற்கிற பக்கம் போய்விடக் கூடாது. எதிரில் பேசியவர் கிளம்பிப் போன பிறகும், வெறும் சுவரைப் பார்த்து உன் குளோசப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும். போன வாரம் எடுத்த காட்சியின் தொடர்ச்சி இன்றைக்கு என்றால் அதே தோடு, அதே பொட்டு, அதே புடவை மடிப்பு வேண்டும். கன்டின்யூட்டி தவறினால் முதல் திட்டு உனக்குத்தான்.

இதற்குப் பயிற்சி வீட்டிலேயே இருக்கிறது. தங்கையைப் பின்னால் உட்காரவைத்துப் பேப்பரில் ஒரு செய்தியை வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல். அவள் நிறுத்தின உடனே அதை நீ சொல். ஒரு தடவை மருமகளை மிரட்டும் மாமியாராக, அடுத்த தடவை மகளை வழியனுப்பும் அப்பாவாக. "விழுப்புரம் வழியாகச் செல்லும் ரயில் தாமதம்" என்ற செய்தியையே அழுதுகொண்டு சொல்ல முடிந்தால் உனக்குத் தொழில் பிடிபட ஆரம்பித்துவிட்டது. லகர, ளகர, ழகரம் தெளிவாக வரட்டும். ஆனால் நம் பக்கத்துப் பேச்சின் வாசனையைத் துடைத்துப் போட்டுவிடாதே. எதிர்நீச்சல் தொடரில் ஆதிமுத்து குணசேகரனாக வந்த மாரிமுத்து தேனிப் பக்கத்து மனிதர். அவர் குரலில் இருந்த அந்த மண்தான் வீட்டுக்கு வீடு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு முன் எத்தனையோ வருஷம் உதவி இயக்குநர். கண்ணும் கண்ணும், புலிவால் என்று படங்களும் இயக்கியவர். ஊரே கொண்டாடிய பெயர் ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் வந்தது. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்து காலமானார். உடம்பைப் பார்த்துக்கொள் என்று இந்தத் தொழிலுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் அவரை நினைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

நமக்கு இங்கேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்து நடக்கிறதே, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார். அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, அவ்வளவு கனத்தோடும் சுழன்று ஆடிவிட்டு, மூச்சு வாங்காமல் கூத்தாடுகிறவர் அடுத்த வசனத்தைத் தூக்குகிறார் பார், அந்த மூச்சு எங்கிருந்து வருகிறது என்று கவனி. பாண்டிச்சேரி வானொலியில் நாடகக் குரல் தேர்வு எப்போது என்று விசாரித்து வை. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நாடகப் பள்ளி இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி தலைமை ஏற்று வளர்த்த இடம். சிதம்பரத்துப் பிள்ளைகளுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறை கைக்கெட்டும் தூரம்.

வருமானத்துக்கு வருகிறேன். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகம் போட்டார். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. விஜய் சேதுபதி கூத்துப்பட்டறைக்குள் நுழைந்தது கணக்கு எழுதுகிறவராக. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய அந்தப் பட்டறையில் நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே பாதி கற்றார். 'பெண்' என்ற சீரியலில் நடித்தார், சின்னச் சின்ன வேஷம் செய்தார். கதாநாயகனாகத் தென்மேற்குப் பருவக்காற்று வந்தது 2010இல். அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே!

வாய்ப்பு கிடைத்துவிட்டாலும் மாதம் முழுக்க வேலை இருக்கும் என்று நம்பாதே. கால்ஷீட் கணக்கில்தான் சம்பளம். பல தொடர்களில் புடவையும் நகையும் உன் செலவு. வியாழக்கிழமை வரும் டி.ஆர்.பி. கணக்கைப் பார்த்துக் கதையின் டிராக் மாறும், உன் பாத்திரம் திடீரென்று வெளியூர் போய்விடும். "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் ஒரு வரி ஓடுவதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! எத்தனை நாள் வேலை, ஒரு நாளைக்கு எவ்வளவு, பணம் எப்போது வரும், வேறு சேனலில் நடிக்கத் தடை உண்டா என்ற நாலையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நடிக்க வாய்ப்புத் தருகிறவன் உனக்குப் பணம் தருவான், உன்னிடம் கேட்க மாட்டான். எங்கள் தெருப் பையன் ஒருவன் கோஆர்டினேட்டர் என்று சொல்லிக்கொண்ட ஆளிடம் பணம் கொடுத்தான், அம்மாவின் தோட்டை அடகு வைத்து. ரசீது என்று அவன் கொண்டுவந்து காட்டியது ஒரு வெள்ளைத் தாள். முகவரி இல்லை, முத்திரை இல்லை. தோடு மூழ்கிப் போயிற்று. போர்ட்ஃபோலியோ, சங்கத்துக் கார்டு, ஆடிஷன் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடு. சங்கத்தில் சேர வேண்டுமானால் சின்னத்திரை நடிகர் சங்க அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேள். மேக்கப் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்த மூன்று படமும், பெயர், வயது, உயரம், ஊர் சொல்லி ஒரு நிமிஷம் பேசின வீடியோவும் ஆரம்பத்துக்குப் போதும்.

பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. மகளுக்கு இதில் ஆசை என்றால் அடக்கி உட்காரவைக்காதீர்கள், தனியாக அனுப்பியும் விடாதீர்கள். முதல் ஆடிஷனுக்கு ஒருவர் கூடப் போங்கள். ஓட்டல் ரூமுக்கு வரச் சொன்னால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள். சீக்கிரம் பெயர் வரவில்லையே என்று வீட்டில் குத்திக் காட்டாமல் இருங்கள். அந்தப் பிள்ளைக்குத் திரும்பி வர ஒரு வீடு வேண்டும்.