பொருத்தம் பார்த்தல்

பொருத்தம் பார்த்தல் என்றதும் சாதகக் குறிப்பும் சோதிடருமே நம்மவர் நினைவுக்கு வருதல் இயல்பு. யாம் ஈண்டு எழுதப் புகுந்ததோ மோட்டார் வண்டியின் இயந்திரத்துக்குப் பார்க்க வேண்டிய பொருத்தத்தைப் பற்றி. தமிழாசிரியனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என அன்பர்கள் நகைத்தல் கூடும். எந்தையாரின் பழைய வண்டியே எம்மை அத்துறைக்கு இழுத்தது.

அது 1960 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் நான்கு உருளைகளும் உடையது. 1990களில் பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதானபோது, சிறிது பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பெற்ற வண்டிகளுள் அதுவும் ஒன்று. அந்நாளிற் சிறுவராயிருந்த யாம் அப்புகையின் நெடியை இன்றும் மறந்திலோம். முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய், உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அடியில் நிற்கும் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். எண்ணெய் நீர்த்தால் இரும்பு தேயும். இவ்வாறு தேய்ந்த இயந்திரத்தை 2017 ஆம் ஆண்டிற் புதுக்கத் தொடங்கினோம். அவ்வாண்டு ஆடி அமாவாசையன்று, தம் தந்தையார்க்குப் பிதிர்க்கடன் ஆற்ற அவ்வண்டியிலேயே கீரிமலைக்குச் செல்லவேண்டும் என்பது எந்தையாரின் அவா.

உருளைகளைக் கடைந்து, அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு அகலமாக்கினர். அதற்கேற்ற பிஸ்டன்களும் வளையங்களும் கொழும்பிலிருந்து வந்தன. மொறிஸ் மைனர் உற்பத்தி 1971 இல் நின்றுவிட்டமையால், இன்று கிடைக்கும் புதியன பிறர் செய்யும் உதிரிப் பாகங்களே. பெட்டியின்மேல் வண்டியின் பெயரும் அளவும் முறையாக அச்சிடப்பட்டிருந்தன. வேலை செய்த முதியவர், “மாஸ்ரர், றிங்கை ஒருக்கா உள்ளுக்கை வைச்சு அளந்து பாப்பம்” என்றார். அமாவாசைக்கு இரண்டு நாள்களே இருந்தன. “பெட்டியிலை இலக்கம் கிடக்குத்தானே, அண்ணை. பூட்டுங்கோ” என்றோம்.

வண்டி இனிதே புறப்பட்டது. மல்லாகத்தை அண்மியபோது கிறீச்சென்று ஓர் ஒலி எழுந்தது. இயந்திரம் இறுகி நின்றது. முதுமையால் தளர்ந்த எந்தையாரை வெயிலில் வீதியோரம் நிறுத்திவிட்டு, முச்சக்கர வண்டியொன்றைத் தேடிப் பிடித்துக் கீரிமலைக்கு அழைத்துச் சென்றோம். அவர் எம்மைக் கடிந்திலர். “பறவாயில்லை, தம்பி” என்றார். கடிந்திருப்பின் எம் மனம் ஆறியிருக்கும்.

இயந்திரத்தைக் கழற்றியபோது காரணம் வெளிப்பட்டது. பிஸ்டன் வளையம் முழு வட்டமன்று. அதன் இரு நுனிகளுக்குமிடையே சிறு இடைவெளி உண்டு. சூடேறும்போது இரும்பு நீளும். நீளுதற்கு இடம் வேண்டியே அவ்விடைவெளி. உருளையின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பொதுக் கணக்கு. எமது உருளையின் விட்டம் ஏறக்குறைய இரண்டரை அங்குலம். எனவே 10 பங்கு வேண்டும். முறியாதிருந்த வளையமொன்றை அளந்தபோது இருந்தது 3 பங்கே. மற்றொன்று நுனிகள் முட்டி முறிந்து, உருளைச் சுவரைக் கீறியிருந்தது. பெட்டியில் அச்சிட்ட அளவு பொய்யன்று. பொருத்துவோர் அராவிக்கொள்ளுமாறு சற்று நீளமாகவே செய்யப்படும் வளையங்களும் உண்டென்பதைப் பின்னரே அறிந்தோம். பிழை எம்முடையதே.

மீண்டும் கடைந்து 40 பங்காக்கினோம். இம்முறை யாமும் அருகிருந்தோம். ஒவ்வொரு வளையத்தையும் அதற்குரிய உருளையில் இட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராகத் தள்ளி, நுனிகளிடையே மெல்லிய அளவுத் தகட்டைச் செலுத்திப் பார்த்தோம். இடைவெளி குறைந்தவற்றை நுண்ணரத்தால் அராவினோம். கிராங்கின் பெயறிங்குகளில் மெல்லிய பிளாஸ்ரிக் இழையை வைத்து இறுக்கிக் கழற்றி, அது நசுங்கிய அகலங்கொண்டு இடைவெளியை அறிந்தோம். கஸ்கெற்றை உரிய இடத்தில் வைத்து, நீர்த் துவாரமும் எண்ணெய்த் துவாரமும் அடைபடாமை கண்டோம்.

வகுப்பில் ஆண்டுதோறும் யாம் புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கின்றோம். நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்துச் சில இயல்பாகவே பொருந்தும். சில தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரம் பெற்றுப் பொருந்தும். ஈற்றெழுத்தையும் முதலெழுத்தையும் நோக்கியே துணிக என மாணவரை வற்புறுத்தும் யாம், நின்ற உருளையையும் வந்த வளையத்தையும் நோக்காது துணிந்தோம். அராவி நீக்கியது கெடுதல் விகாரமே என்று அம்முதியவர்க்கு விளக்கினோம். அவர் சிரித்து, “இதை முந்தியே சொல்லியிருக்கலாமே, மாஸ்ரர்” என்றார்.

2018 ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று அவ்வண்டியிலேயே கீரிமலைக்குச் சென்றோம். மல்லாகத்தைக் கடந்தபோதும் இயந்திரத்தின் ஓசை மாறவில்லை. பக்கத்து இருக்கை வெறுமையாயிருந்தது. அம்முறை யாம் ஆற்றிய கடன் எந்தையார்க்குரியது.

மாணவச் செல்வங்களே, அச்சிட்ட இலக்கத்தை நம்புதல் தவறன்று. அளந்த பின் நம்புங்கள். தொழிலறிந்த ஒருவர் “ஒருக்கா அளந்து பாப்பம்” என்று சொன்னால், அன்று எத்துணை அவசரமாயினும் அவர்க்குச் செவிசாயுங்கள்.